சிறு படகில் சால்மன்: பார்க்லி சவுண்டுக்குத் திட்டம் போடுவது எப்படி

கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், கோடையில் வெயில் நன்றாக அடிக்கும் நாள்களில்தான் மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பும். காலை ஆறு மணிக்கு அசைவில்லாமல் கிடக்கும் நீர், பகல் இரண்டு மணிக்குள் வெள்ளை நுரை தள்ளத் தொடங்கிவிடும். 14 முதல் 18 அடிப் படகு வைத்திருப்பவர் அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். எத்தனை மணிக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்புவது என்பதை முதலில் கரையிலேயே குறித்துவிடுங்கள். புறப்படும் நேரம், போகும் தூரம், எரிபொருள் எல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும். மீன் கடிக்கத் தொடங்கியபின் இந்த முடிவை எடுக்க முயன்றால் யாரும் சரியாக எடுக்க மாட்டார்கள்.

இங்கே பார்க்லி சவுண்டை, அதாவது அந்தக் கரையில் உள்ள அகன்ற கடல் நுழைவை, எடுத்துக்கொள்கிறோம். ஒரு பக்கம் பாம்ஃபீல்ட், மறுபக்கம் யூக்லூலெட், நடுவில் புரோக்கன் குரூப் தீவுகள், உள்ளே சுமார் 40 கிலோமீட்டர் நீளும் குறுகிய கடற்கால் அல்பெர்னி இன்லெட். பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் வேறு இடத்துக்குப் போனாலும் கணக்கு போடும் முறை இதேதான்.

எந்த மாதம், எந்த மீன்

இங்கே பிடிபடும் சால்மன் இனங்கள் சினூக், கோஹோ, சாக்ஐ. ஜூன், ஜூலை மாதங்களில் சினூக் மீன்கள் தெற்கே உள்ள ஆறுகளை நோக்கி வெளிக்கடல் ஓரமாகக் கடந்து போகும். அவற்றைப் பிடிக்க, சவுண்டின் தென்கிழக்கு வாயிலில் உள்ள கேப் பீல் போன்ற முனைகளுக்கோ அதற்கும் வெளியேயோ போக வேண்டும். சிறு படகுக்கு அது சோதனை. ஆகஸ்டு தொடங்கியதும் நிலைமை மாறும். ராபர்ட்சன் கிரீக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து விடப்பட்ட சினூக்குகள் இன்லெட்டின் உள்கோடியில் கலக்கும் சோமாஸ் ஆற்றைத் தேடித் திரும்பும்போது மீனே உள்ளே வந்துவிடுகிறது. பாம்ஃபீல்ட் பக்கத்து டிரெவர் சேனலின் பாறைச் சுவர்களை ஒட்டி, பிறகு இன்லெட்டுக்குள் நகரும். சிறு படகுக்காரர் லீவு போடுவதானால் ஆகஸ்டின் நடுப்பகுதிக்குப் போடுவதே புத்திசாலித்தனம். கோஹோ ஆகஸ்டு, செப்டம்பரில் வரும். சாக்ஐ ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை இன்லெட்டுக்குள் கூட்டமாக ஏறும். அதற்கு இளஞ்சிவப்பு ஹூச்சியும் (கணவாய் வடிவ ரப்பர் இரை), தூண்டிலை இழுத்தபடி ஓடும் படகின் மிக மெதுவான வேகமும் போதும்.

ஆகஸ்டில் ஒரே ஒரு தொல்லை, மூடுபனி. காலையில் அரை கிலோமீட்டர்கூடத் தெரியாது. ஜிபிஎஸ் இல்லாத படகை அன்று இறக்காதீர்கள். ஜிபிஎஸ் இருந்தாலும், முந்தைய நாள் வெளிச்சத்தில் ஓடிய தடத்தைச் சேமித்து வைத்திருந்தால்தான் நிம்மதி. பனி விலகும் வரை தூண்டிலைக் கப்பல் போகும் பாதையில் இழுக்க வேண்டாம்.

உரிமமும் விதியும்

கனடாவின் மீன்வளத் துறையிடம் இணையத்தில் கடல்நீர் விளையாட்டு மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். ஆண்டு உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். சால்மனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அதோடு சால்மன் பாதுகாப்பு முத்திரையும் சேர்த்து வாங்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு வெறும் உரிமத்தோடு வந்து நிற்கிறார்கள். மோட்டார் படகை ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். வி.எச்.எஃப். கடல் ரேடியோவில் பேசுவதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு.

சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான். கடையில் வாங்கிய முள்ளில் எதிர்முள் இருந்தால் இடுக்கியால் முழுவதும் நசுக்கிவிடுங்கள். துணியில் குத்தி இழுத்தால் மாட்டாமல் வர வேண்டும், அதுதான் சோதனை. சினூக்கின் குறைந்தபட்ச நீளம் ஜார்ஜியா நீரிணையில் 62 செ.மீ., மேற்குக் கரையில் 45 செ.மீ. என்பது நெடுநாள் அடிப்படை. ஆனால் சீசனின் நடுவிலேயே அறிவிப்பு வந்து அளவும் எண்ணிக்கையும் மாறும், சில பகுதிகள் மூடப்படும். பார்க்லி சவுண்ட் மேலாண்மைப் பகுதி 23-ஐச் சேர்ந்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவு துறையின் இணையதளத்தில் அந்தப் பகுதிக்கான பக்கத்தைப் பார்த்து, அதன் படத்தைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கே கடலில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ராக்ஃபிஷ் (பாறைகளில் வாழும் மீன்) பாதுகாப்புப் பகுதிகளின் எல்லையையும் ஜிபிஎஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். அங்கே சால்மனுக்குக்கூடத் தூண்டில் இழுக்கக் கூடாது.

இன அடையாளம் தெரியாவிட்டால் எந்த விதியும் பயன்படாது. வாயைத் திறந்து கீழ் ஈறைப் பாருங்கள். ஈறு கறுப்பு, வாலின் இரு மடல்களிலும் புள்ளி என்றால் சினூக். ஈறு வெளுப்பு, வாலின் மேல் மடலில் மட்டும் புள்ளி என்றால் கோஹோ. முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டு ஆறியிருந்தால் குஞ்சு பொரிப்பக மீன். காட்டு மீனை (இயற்கையில் பிறந்ததை) விட்டுவிட வேண்டிய இடங்களில் இந்தத் துடுப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மீன் நீரில் இருக்கும்போதே பாருங்கள், வலையில் ஏற்றிவிட்டுப் பார்க்காதீர்கள்.

காற்று, அலை, நீரோட்டம்

சுற்றுச்சூழல் துறையின் கடல் வானிலை அறிக்கையில் 'வான்கூவர் தீவு மேற்குக் கரை, தெற்கு' என்ற பகுதியைப் பாருங்கள். அறிக்கையில் 20 முதல் 33 நாட் வரை பலத்த காற்று எச்சரிக்கை, 34 முதல் 47 வரை கடுங்காற்று (gale) எச்சரிக்கை. 16 அடிப் படகுக்கு எச்சரிக்கை வரும்வரை காத்திருப்பது தவறு. 15 நாட் என்று வந்தாலே வெளி முனைகளை மறந்துவிட்டு உள்ளே இழுங்கள். 10-க்குக் கீழ் இருந்தால் கேப் பீல் பக்கம் யோசிக்கலாம்.

முன்னறிவிப்போடு நில்லாமல், இப்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். கேப் பீல் கலங்கரை விளக்கத்தில் ஆள் இருக்கிறார். அவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் காற்றும் அலையும் ரேடியோவின் வானிலைச் சேனலில் வரும். வெளியே லா பெரூஸ் பேங்க் மிதவை அலையின் உயரத்தையும் இடைவெளியையும் தருகிறது. இந்த இடைவெளியைத்தான் புதியவர்கள் படிப்பதில்லை. 2 மீட்டர் அலை 13 நொடிக்கு ஒன்றாக வந்தால் படகு மெதுவாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். 1.5 மீட்டர் அலை 6 நொடிக்கு ஒன்றாக வந்தால் அணியத்தின் (படகின் முன்முனை) மேல் தண்ணீர் ஏறும். அறிக்கையில் வரும் உயரம் பெரிய அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வரை எழும்.

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும் இடம்தான் சிறு படகைக் கவிழ்க்கும். வற்றத்தில் சவுண்டிலிருந்து வெளியேறும் நீர், உள்நோக்கி வரும் அலையைச் செங்குத்தாக்கிவிடும். கேப் பீல் அருகே பாறைத் திட்டுகளும் இருப்பதால் அங்கே அது இன்னும் மோசம். வெளியே போனால் ஏற்றத்தின் போது திரும்புவதாகத் திட்டமிடுங்கள்.

ஏற்ற வற்ற அட்டவணையில் இரண்டு பொறிகள் உண்டு. அச்சிட்ட அட்டவணை கோடை நேரத்தில் இல்லாமல் நிலை நேரத்தில் இருந்தால், அட்டவணை நேரத்தோடு ஒரு மணி கூட்ட வேண்டும். எந்த நேரம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டாவது, நீர் உச்சத்தில் நிற்கும் நேரமும் நீரோட்டம் ஓயும் நேரமும் ஒன்றல்ல. குறுகிய கால்வாய்களுக்கு நீரோட்ட அட்டவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய கடல் வரைபடத்தில் ஆழம் ஃபேதமில் (ஒரு ஃபேதம் 1.83 மீட்டர்) இருக்கும், புதியதில் மீட்டரில் இருக்கும். டவுன்ரிக்கர் (தூண்டில் நூலை ஈயக்குண்டோடு கம்பியில் ஆழத்துக்கு இறக்கும் கருவி) அடிக் கணக்கில் எண்ணும். மூன்றையும் குழப்பியவர் ஈயக்குண்டைப் பாறையில் விட்டுவிட்டுத்தான் வருவார்.

இன்லெட்டுக்குள் வேறொரு கணக்கு. வெயில் ஏறியதும் காற்று கடலிலிருந்து உள்நோக்கி, இன்லெட்டின் உள்கோடியில் இருக்கும் போர்ட் அல்பெர்னி ஊர்ப் பக்கம் வீசும், பிற்பகலில் பலமாகவே வீசும். அந்த ஊருக்கு அருகே சைனா கிரீக்கில் படகை இறக்கிக் கீழே வந்தவருக்கு வீட்டுக்குத் திரும்பும்போது காற்று முதுகில். பாம்ஃபீல்டிலிருந்து இன்லெட்டுக்குள் ஏறியவருக்கு அதே காற்று முகத்தில். தூரம் ஒன்றுதான், திரும்பும் நேரம் மட்டும் இரண்டு மணி முன்னால் வந்துவிடும்.

எரிபொருள்

முழு வேகத்தில் பெட்ரோல் மோட்டார் ஒவ்வொரு 10 குதிரைத் திறனுக்கும் மணிக்கு 4 லிட்டர் அளவில் குடிக்கும். 40 குதிரைத் திறன் மோட்டாரை நிதானமான ஓட்டத்தில் வைத்தால் மணிக்கு 10 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். பாம்ஃபீல்டிலிருந்து கேப் பீலுக்குச் சுமார் 5 கடல் மைல். போய்வர 10 மைல், 15 நாட் வேகத்தில் 40 நிமிடம், 7 லிட்டர். தூண்டில் இழுக்கச் சிறிய துணை மோட்டார் மணிக்கு 1.5 லிட்டர் வீதம் 5 மணி நேரம், 7.5 லிட்டர். மொத்தம் 15 லிட்டருக்குள். மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு என்ற விதிப்படி 22 லிட்டருக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், 25 லிட்டர் டாங்க் நிரம்பியிருந்தால் சரி. அலை எழுந்தால் படகு நீரை உழுதுகொண்டு போகும், செலவு இரட்டிக்கும். கையிருப்பு அதற்குத்தான்.

நடுக்கடலில் மோட்டார் இருமி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் டாங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருப்பது. திறந்து, பம்ப் குமிழை இறுகும் வரை அமுக்கினால் போதும். அடுத்த காரணம் புரொபெல்லரில் சுற்றிய கெல்ப் பாசி. மோட்டாரை அணைத்து, தூக்கி, பின்னுக்குச் சுற்றி எடுங்கள். மிதக்கும் மரக்கட்டைகள் இந்தக் கரையில் ஏராளம். செங்குத்தாக மிதந்து தலையை மட்டும் காட்டும் கட்டை அதிகாலை வெளிச்சத்தில் தெரியாது. வெளிச்சம் முழுதாக வரும் வரை வேகம் வேண்டாம்.

படகில் இருக்க வேண்டியவை

6 மீட்டருக்கு உட்பட்ட மோட்டார் படகுக்குச் சட்டப்படி வேண்டியவை: ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை, 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது 15 மீட்டர் கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் இறைக்கும் வாளி அல்லது கைப்பம்பு, நீர் புகாத டார்ச் அல்லது ஒளிக்குண்டுகள், விசில் அல்லது ஊதல். பொருத்திய டாங்க் இருந்தால் தீயணைப்பானும், இருட்டில் ஓடினால் விளக்குகளும் வேண்டும். பக்கச்சுவர் நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் மீண்டும் ஏறுவதற்கான ஏணியும் வேண்டும். உயரம் குறைவானாலும் ஏணி வைத்திருங்கள். நனைந்த உடையோடு யாரும் பக்கச்சுவரைத் தாவி ஏற முடியாது.

உயிர்காப்புச் சட்டை பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். இங்கே கோடையிலும் நீர் கடுமையாகக் குளிர்ந்தே இருக்கும். விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த முடியாது, அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பல சாவுகள் முதல் நிமிடத்திலேயே தண்ணீர் குடிப்பதால் நேர்கின்றன. சட்டை அந்த நிமிடத்தைத் தாண்ட வைக்கிறது. தனியாகப் போனால் மோட்டாரை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் கட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

5 வாட் கையடக்க ரேடியோ தவறி விழுந்தாலும் மிதக்கும் வகையாக இருக்கட்டும். தாழ்வாக இருந்து பேசினால் தூரம் போகாது. உதவிக்கு 16-ஆம் சேனல். கரையில் ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள்: படகின் நிறம், எத்தனை பேர், எங்கே இழுக்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வர வேண்டும், அது தவறினால் விக்டோரியாவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு எப்போது சொல்வது.

தூண்டில் அமைப்பு

10 அடிக்குச் சற்று நீண்ட மென்மையான கம்பு, 30 பவுண்டு நைலான் நூல், 30 முதல் 40 பவுண்டு முன்நூல். இரண்டு டவுன்ரிக்கர்கள், ஒவ்வொன்றிலும் 10 அல்லது 12 பவுண்டு ஈயக்குண்டு. நூலில் முதலில் 11 அங்குல ஃபிளாஷர் (மீனைக் கவரச் சுழன்று மின்னும் தகடு), அதன் பின் முன்நூல், கடைசியில் இரை. முன்நூலின் நீளம்தான் பலர் தவறவிடும் இடம். ஹூச்சிக்குத் தனியாக அசைவு கிடையாது, ஃபிளாஷர் சுழன்று இழுப்பதால்தான் அது துடிக்கும். அதனால் முன்நூல் 30 முதல் 36 அங்குலம். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) தானே ஆடும், 4 முதல் 5 அடி. மீனின் தலையைச் செருகும் பிளாஸ்டிக் கவசத்தில் மாட்டிய நெத்திலி 6 அடிவரை. நெத்திலியின் உடலை லேசாக வளைத்து மாட்டினால் இறுக்கமாகச் சுருண்டு சுழலும். வளைவு கூடினால் மாவாட்டுவது போல் பெரிய வட்டம் போடும், அதை மீன் தொடாது. முந்தைய இரவே கல்லுப்புப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நெத்திலி இறுகும், இல்லாவிட்டால் அரை மணியில் பிய்ந்துவிடும்.

இறக்கும்போது எந்த அமைப்பையும் முதலில் படகின் பக்கத்திலேயே நீரில் இழுத்துப் பாருங்கள். ஃபிளாஷர் சும்மா ஊசலாடாமல் முழுச் சுற்று சுற்ற வேண்டும். பின் 15 முதல் 20 அடி நூலைப் பின்னால் விட்டு, டவுன்ரிக்கர் கம்பியின் கிளிப்பில் மாட்டி, ரீலின் பிடியைத் தளர்த்தி மெதுவாக இறக்குங்கள். வேகமாக இறக்கினால் ஃபிளாஷர் மேலே ஏறிக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். ஆழம் வந்ததும் கம்பு நன்றாக வளையும்வரை சுருட்டுங்கள். இரண்டு தூண்டில்களும் குறைந்தது 20 அடி வித்தியாசத்தில் இருக்கட்டும்.

கோஹோ மேல்நீரில், 20 முதல் 60 அடிக்குள். சினூக் தாழ்வாக, 80 முதல் 150 அடி, பெரும்பாலும் தரையை ஒட்டி. விடிந்ததும் சற்று மேலே இருக்கும், வெளிச்சம் ஏற ஏற இறக்கிக்கொண்டே போங்கள். டவுன்ரிக்கரின் மீட்டர் காட்டும் ஆழத்தை அப்படியே நம்பக் கூடாது. கம்பி செங்குத்திலிருந்து 30 டிகிரி பின்னுக்குச் சாய்ந்தால், விட்ட நீளத்தில் 87 சதவீதம்தான் உண்மை ஆழம். 45 டிகிரி சாய்ந்தால் 70 சதவீதம். 120 அடி விட்டவரின் இரை 84 அடியில் ஓடிக்கொண்டிருக்கும், அவரோ மீனே இல்லை என்பார்.

வேகம் சினூக்குக்கு 2 முதல் 2.5 நாட், கோஹோவுக்கு 3 வரை. இது நீரின் வழியே போகும் வேகம், ஜிபிஎஸ் காட்டுவது தரைமேல் போகும் வேகம். 1 நாட் நீரோட்டத்தோடு போகும்போது ஜிபிஎஸ் 3.5 காட்டினால்தான் இரைக்கு 2.5 கிடைக்கும். எதிர்த்துப் போகும்போது 1.5 காட்டினாலே போதும். எண்ணைப் பார்ப்பதைவிடக் கம்பியின் சாய்வைப் பாருங்கள், கடி கிடைத்த சாய்வையே எல்லாத் திசையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்பும்போது கடித்தால் அதிலும் சேதி உண்டு. உள்பக்கத் தூண்டில் மெதுவாகித் தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் பிடித்து உயரும். எது கடித்ததோ அதன்படி வேகத்தை மாற்றுங்கள்.

ஈயக்குண்டு பாறையில் மாட்டிக்கொள்வது இந்தப் பயணத்தில் வரக்கூடிய மிக மோசமான நிலைகளில் ஒன்று. பின்பக்கம் கட்டுண்ட படகை நீரோட்டம் இழுத்தால் பின்சுவர் வழியாகத் தண்ணீர் ஏறும். உடனே டவுன்ரிக்கரின் பிடியைத் தளர்த்துங்கள், நியூட்ரலுக்கு வாருங்கள், வந்த திசைக்கு எதிர்த்திசையில் சுற்றிவந்து இழுத்துப் பாருங்கள். வரவில்லையானால் வெட்டிவிடுங்கள். வெட்டுக்கருவி டவுன்ரிக்கருக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்க வேண்டும். ஒரு குண்டின் விலைக்காக யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது.

கடித்த பிறகு

கம்பு துள்ளி நிமிர்ந்தால் கிளிப்பிலிருந்து நூல் விடுபட்டுவிட்டது. கம்பைக் கழற்றித் தொய்வு போகும்வரை வேகமாகச் சுருட்டுங்கள். எதிர்முள் இல்லாததால் நூல் தொய்ந்தால் மீன் போய்விடும். சினூக் முதல் ஓட்டத்தில் நூலை இழுத்துக்கொண்டு போகும், விடுங்கள். கூட இருப்பவர் மற்றத் தூண்டிலையும் இரு குண்டுகளையும் மேலே ஏற்றட்டும், மோட்டார் கியரிலேயே மெதுவாக ஓடட்டும். வலையைத் தலைப்பக்கமாக வையுங்கள், மீனைத் துரத்தி வீசாதீர்கள். பல மீன்கள் வலை நூலைத் தட்டித்தான் தப்புகின்றன. இருவரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கவும் கூடாது.

வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் அடித்து உடனே கொன்று, செவுளை வெட்டி, வாளி நீரில் 5 முதல் 10 நிமிடம் இரத்தம் வடிய விடுங்கள். சினூக் என்றால் உடனே உரிமத்தில் பதிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்த நாளத்தைக் கரண்டியால் சுரண்டுங்கள். மீன் எடைக்குச் சமமாக ஐஸ், வயிற்றுக்குள்ளும் போடுங்கள். படகில் துண்டு போட வேண்டாம். இனமும் நீளமும் எண்ணிக்கையும் அதிகாரி பார்த்தால் தெரிகிற நிலையில்தான் கரைக்கு வர வேண்டும். கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட சினூக், கோஹோ தலைகளைப் படகுத்துறைச் சேகரிப்புப் பெட்டியில் போட்டால், மூக்கில் உள்ள சிறு கம்பிக் குறியைப் படித்து எந்தப் பொரிப்பகத்தின் மீன் என்று கண்டுபிடிப்பார்கள்.

கரையேறியதும் முதல் வேலை, பயணத் திட்டம் கொடுத்தவருக்கு வந்துவிட்டோம் என்று சொல்வது. மோட்டாரை நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிடுங்கள், டவுன்ரிக்கர் கம்பியையும் ரீலையும் கழுவுங்கள். படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றினால், மறுநாள் திரும்பப் போட மறக்காதபடி அதை மோட்டார் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.